பாதி வழியில் இறங்கிக்கொண்ட சரோஜம்மா

போன மாதம் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் டெலிபோன் டெஸ்க்கை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அங்கே ஏதாவது சிக்கல் வந்தால், இனி மொபைலில் தட்டச்சு செய்து கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் பதில் சொல்லும். அந்த டெஸ்க்கில் கடைசியாக இருந்த பெண்கள் வேறு பிரிவுகளுக்குப் போவதற்கு முன்னால் என்னை வைட்ஃபீல்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தொம்மலூரில் என் வீட்டிலிருந்து கிளம்பி, டிராஃபிக்கில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஐஸ்கிரீமுக்கு வந்திருந்தார்கள். எனக்காக ஒரு தட்டை மூடி வைத்திருந்தார்கள்.

ஷில்பா என்ற பெண் கேட்டாள், "அக்கா, மொரீஷியஸைக் கண்ணால பாக்காமயே இத்தனை வருஷம் எப்படி வித்தீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னேன். திரும்பும் வழியில் மெட்ரோவில் உட்கார்ந்து யோசித்தபோது அதற்கு ஒழுங்கான பதில் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அதை எழுதி வைக்கிறேன்.

டைப்பிங் முடித்துவிட்டு டிராவல் கம்பெனியில் ரிசப்ஷனில் சேர்ந்தவள் நான். டெலெக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தபோது டூர் பிரிவுக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. மேலதிகாரியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு அங்கே கார், கைடு, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்வது எங்கள் பிரிவின் வேலை. மாலத்தீவும் பாலியும் மற்றவர்களுக்குப் போயின. எனக்கு மொரீஷியஸ். அதில் அதிகம் விற்றது தனிக் கார், தனிக் கைடு, அரை நாள் சுற்றுலா. எரிமலை வாய், மலை மேல் ஏரி, ஏரிக்கரையில் கோயில், பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை, ஏழு நிற மண், பிறகு கடலோரச் சாலை வழியாக ஓட்டல். அந்த வரிசையை என்னால் தூக்கத்திலும் சொல்ல முடியும்.

என் மேலதிகாரி நஞ்சுண்டையா சார். கன்னடக்காரர், ஆனால் அல்சூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கூப்பிடும்போது மட்டும் கன்னட வழக்கப்படி மரியாதையாக 'கோமதி அவரே' என்பார். கோடையிலும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. விசித்திரமான சில விதிகள் அவரிடம் இருந்தன. எந்த இடத்தைப் பற்றியும் 'அழகு' என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்தக் கூடாது. அங்கே என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். "அழகா இல்லையான்னு அவங்க போய்ப் பாத்துக்கட்டும்" என்பார். அருவியைப் பற்றி ஒருவர் கேட்டால், கார் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், படிகளில் கைப்பிடி உண்டா, மழை பெய்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அங்கேயுள்ள கைடை அழைத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தத் தீவு எனக்குள் சேர்ந்தது. முதல் நாள் மாலையே கைடுக்குப் போன் செய்வேன். எந்தக் கார், ஏ.சி. சரியாக இருக்கிறதா, எந்த இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், வருகிறவர்களுக்கு முட்டையில்லாத கேக் கிடைக்குமா. ஒருமுறை ஒருவர், காலையில் காரில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், என் மனைவியை எந்தப் பக்கம் உட்கார வைக்கட்டும் என்று கேட்டார். அதையும் கேட்டேன். கைடுக்கு அது தெரியவில்லை. மறுநாள் அவராகவே அழைத்து, போகும்போது இன்ன பக்கம், திரும்பும்போது இன்ன பக்கம் என்று சொன்னார். தானே பின் சீட்டில் உட்கார்ந்து, தம்பியைக் கார் ஓட்டச் சொல்லிப் பார்த்தாராம்.

அந்தக் கைடின் பெயர் வீராசமி. நம்முடைய வீரசாமிதான். அவருடைய முன்னோர்கள் தமிழர்கள். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, எங்களோடு ஆங்கிலம். கோயிலில் சொல்லும் வார்த்தைகள் சில மட்டும் வாயில் நிற்கும். ஆரம்பத்தில் ஒரு முறை, உங்கள் பெயரை வீரசாமி என்று சொல்ல வேண்டும் என்று நான் திருத்தினேன். அவர் மரியாதையாகவே, என் அப்பா அப்படிச் சொல்லவில்லையே மேடம் என்றார். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. ஆனால் அவர் தமிழ் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். போனை வைப்பதற்கு முன் ஏதாவது ஒன்றுக்கு அர்த்தம் கேட்பார். 'சரி' என்றால் என்ன, 'பரவாயில்லை' என்றால் என்ன என்று.

நஞ்சுண்டையா சாருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து பதற்றமாகப் போன் வந்தால் என்ன பிரச்சினை என்று அவர் முதலில் கேட்க விடமாட்டார். அவர்கள் நிற்கிறார்களா உட்கார்ந்திருக்கிறார்களா, வெயிலிலா நிழலிலா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பாதிப் பிரச்சினை அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும் என்பார். அது உண்மைதான் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். காரை மாற்றியே ஆக வேண்டும் என்று கத்திய ஒருவர், ஒரு சான்ட்விச் சாப்பிட்டதும் அதே காரில் ஏறிக்கொண்டார்.

சரோஜம்மா விஷயத்தில் அந்தக் கேள்விகள் மட்டும் போதவில்லை.

ஒரு பெரிய சாஃப்ட்வேர் நிறுவனம் தன் ஆட்களை மாநாட்டுக்காக மொரீஷியஸுக்குக் கூட்டிப் போனது. எங்கள் பிரிவுக்கு அந்த வருடத்தின் பெரிய குழு அதுதான். அதை நடத்தியவர் அந்த நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்த ஸ்ரீதர். பெங்களூரில் நெடுநாளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா மாநில அரசில் பெரிய வேலையில் இருந்து காலமானவர். ஸ்ரீதர் அம்மாவையும் உடன் அழைத்துப் போனார். அவர்தான் சரோஜம்மா. எழுபது தாண்டியவர், முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். ஸ்ரீதர் கூட்டத்தில் இருக்கும் சனிக்கிழமை காலையில் அம்மாவுக்குத் தனிக் காரில் அரை நாள் சுற்றுலா. ஸ்ரீதர் என்னிடம் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார்: கடலில் இறக்க வேண்டாம், காரிலிருந்து பார்த்தால் போதும். முழங்காலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீராசமியிடமும் அப்படியே சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. தீவில் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இன்னும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோயில், ஏரி, மண் எல்லாம் பார்த்தாயிற்று, கடலோரச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம், அம்மா காரை நிறுத்தச் சொன்னார், கால் நீட்டத்தான் என்று நினைத்து நிறுத்தினேன், இப்போது மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு காரில் ஏற மாட்டேன் என்கிறார் என்றார் வீராசமி. கடலைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்கிறார், எனக்குப் புரியவில்லை. மகனுக்குப் போன் செய்தால் அணைத்து வைத்திருக்கிறார் என்றார்.

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். உட்கார்ந்திருக்கிறார். சவுக்கு மர நிழல். காலை பத்து மணிக்கு மேல் வடை மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இரண்டு சாப்பிட்டார் என்றார் வீராசமி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, நான் பெங்களூர் ஆபீஸ்லேர்ந்து கோமதி பேசறேன். என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. இந்தத் தம்பி நல்ல பையன், அவனைத் திட்டாதே. நான் கடல்ல கொஞ்சம் இறங்கணும். சும்னே கண்ணாடி வழியா பாத்துட்டுப் போகவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

மகன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். முழங்காலை நினைவுபடுத்தினேன். சாயங்காலம் அவரோடு சேர்ந்து வரலாமே என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்:

"முட்டிக்காகச் சொல்லலம்மா அவன். என் பெரிய பையன் கடல்லதான் போனான். காலேஜ்லேர்ந்து டூர் போன இடத்துல. இவன் அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தான். அன்னிலேர்ந்து எங்க வீட்ல யாரும் கடல் பக்கம் போனதில்ல, அதைப் பத்திப் பேசினதும் இல்ல. நான் இன்னிக்குத்தான் இதை முதல் தடவையா கிட்டத்துல பாக்கறேன். அவன் எதுக்குள்ள போனான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

நான் நினைத்தது என்னவென்று சொல்லத் தேவையில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு நஞ்சுண்டையா சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய், ஆட்டோ சத்தம் உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் போனை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"கோமதி அவரே, நான் வாங்கினா அந்தம்மா இதையெல்லாம் மறுபடி முதல்லேர்ந்து ஒரு ஆம்பளகிட்ட சொல்லணும். உங்ககிட்டதானே சொன்னாங்க. நீங்களே கேளுங்க. என்ன கேக்கணுமோ அதை நேராவே கேளுங்க."

அந்தக் குழு கைவிட்டுப் போனால் எங்கள் பிரிவு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்து ஏதாவது நடந்துவிட்டால் வீராசமியின் லைசென்ஸ் போய்விடும் என்பதும் தெரியும். அதில் எதையும் அவர் சொல்லவில்லை. ஸ்வெட்டரின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. திரும்பி வர்றதுக்குத்தானே இறங்கறீங்க?"

அவர் சிரித்தார். கோபமில்லாத, கொஞ்சம் ஆச்சரியப்பட்ட சிரிப்பு.

"அடிப் பொண்ணே. மத்தியானம் ஓட்டல்ல நம்ம சாப்பாடு போடறாங்களாம், ரசமெல்லாம் உண்டுன்னு ஸ்ரீதர் சொல்லியிருக்கான். ரெண்டு நாளா பிரெட்டுதான் தின்னுட்டிருக்கேன். அதை விட்டுட்டு எங்க போவேன்?"

நான் நம்பினேன். எதை வைத்து என்று கேட்டால் அந்தச் சிரிப்பை வைத்து என்றுதான் சொல்ல முடியும். சாரைப் பார்த்தேன். தலையசைத்தார். பிறகு, எப்படி இறக்குவது என்பதை மட்டும் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வீராசமியிடம் சொன்னேன். அங்கே அலை உடைகிற பாறை வரிசை கடலுக்குள் வெகு தூரத்தில் இருக்கிறது, கரையோரம் ஏரி மாதிரி அமைதியாக, இடுப்பளவுதான் என்றார் வீராசமி. காரில் ரப்பர் ஷூ இருந்தது. அடியில் முள் உள்ள கடல் பிராணிகள் கிடக்கும் என்பதால் அதைப் போடாமல் யாரையும் இறக்கக் கூடாது. விடுமுறை நாள் என்பதால் கரையில் சில குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒரு நல்ல பருமனான அம்மாளிடம் வீராசமி போய்ப் பேசினார். சரோஜம்மாவின் ஒரு கையை அந்த அம்மாள் பிடித்துக்கொள்வது, இன்னொரு கையை வீராசமி பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரக் கூடாது என்றேன். போனை யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் காற்றும், யாரோ கிரியோலில் பேசுவதும், ஒரு குழந்தை அழுவதும்தான். போனை வைத்திருந்தவரிடம் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நான் வாழ்நாளெல்லாம் அந்தக் கடற்கரையை விவரித்து விற்றவள். அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. நஞ்சுண்டையா சார் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் குடிக்கவில்லை, அவர்தான் குடித்தார்.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சரோஜம்மாவின் குரல் வந்தது.

"ஏம்மா, தண்ணி இதமா இருக்கு."

"அப்படியாம்மா?"

"அவனை வீட்டுக்குக் கொண்டாந்தப்ப கையெல்லாம் அப்படி ஜில்லுனு இருந்துச்சு. கடல் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன். இத்தனை வருஷமா அவன் குளிர்ல கிடக்கிறான்னே நினைச்சிட்டிருந்தேன்மா."

பிறகு அவரே, "சரி, ரசம் ஆறிடும். கிளம்பறோம்" என்று போனை வீராசமியிடம் கொடுத்துவிட்டார்.

மகனிடம் அவரே சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஸ்ரீதர் அழைத்தார். அவ்வளவு கோபமாக ஒருவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. யாரைக் கேட்டு இறக்கினீர்கள், அந்தக் கைடு இனி வேலை செய்யக் கூடாது, திங்கட்கிழமை உங்கள் எம்.டி.யிடம் பேசுகிறேன் என்றார். கைடு தானாகச் செய்யவில்லை, நான்தான் செய்யச் சொன்னேன் என்றேன். மேலதிகாரிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், பக்கத்தில்தான் இருந்தார் என்றேன். ஏனோ அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கியது. கொஞ்சம் தயங்கி, தமிழில் கேட்டார்:

"அம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அவங்களே சொன்னாதான் சார் நல்லா இருக்கும். நீங்க கேட்டா சொல்வாங்க."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த நாளை நான் நகத்தைக் கடித்தபடியே கழித்தேன். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனால், மொரீஷியஸ் ஓட்டலிலிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதே கார், அதே கைடு, அரை நாள், இரண்டு பேர் போய்விட்டு வந்துவிட்டார்கள்; பில்லை மாநாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஸ்ரீதர் தனியாகக் கட்டிவிட்டார். எம்.டி.யிடம் யாரும் பேசவில்லை. அடுத்த வருடமும் அந்தக் குழு எங்களிடமே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீராசமியிடம் கேட்டேன். எல்லாம் நன்றாக நடந்தது மேடம் என்று மட்டும் சொன்னார். ஒரு கெஸ்ட்டைப் பற்றி இன்னொருவரிடம் பேசக் கூடாது என்பது நஞ்சுண்டையா சார் அவருக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்த விதி. நான் வற்புறுத்த முடியாது. ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்க, வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, அந்த இரண்டு பேரும் கடற்கரையில் இறங்கி என்ன செய்திருப்பார்கள் என்று மனம் அங்கே போய் நிற்கும்.

ஓய்வு பெற்றதும் கம்பெனி எனக்கும் என் கணவருக்கும் மொரீஷியஸ் டிக்கெட் கொடுத்தது. என் கணவர் ஓட்டல் பால்கனியே போதும் என்று இருந்துவிட்டார். நான் வீராசமியின் காரில் அரை நாள் சுற்றுலா போனேன். தொலைபேசியில் அந்தக் கனத்த குரலைக் கேட்டு ஆறடி உயர மனிதர் என்று நினைத்திருந்தேன். வந்து நின்றவர் என் தோளுக்கு இருந்தார், மூக்கு நுனியில் கண்ணாடி. அவரும் என்னை வேறு மாதிரிதான் நினைத்திருந்தாராம். எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

எரிமலை வாய் நான் நினைத்ததைவிடச் சின்னது, அடியில் புல் முளைத்த ஒரு பெரிய கிண்ணம். ஏழு நிற மண்ணில் நான் ஐந்து நிறம்தான் பார்த்தேன். ஏரிக்கரையில் குளிர்ந்தது. அது மலை மேல் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஆனால் நான் சால்வை கொண்டு போகவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, நான் போனில் சொன்னதும் அங்கே இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கைப்பிடிகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

கடலோரச் சாலைக்கு வந்ததும் நான் கேட்காமலே அவர் காரை நிறுத்தினார். சவுக்கு மரங்களுக்குக் கீழே உட்கார்ந்தோம். சரோஜம்மா காலமாகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன், இனிமேல் சொன்னால் தப்பில்லைதானே என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் முதலில் காரைவிட்டு இறங்கவே இல்லையாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். அம்மா வீராசமியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவுமில்லை. வெகு நேரம் கழித்துக் கார்க் கதவு திறந்தது. மகன் ஷூவோடும் சாக்ஸோடும் நேராக நடந்து வந்து தண்ணீரில் நின்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக் குனிய வைத்து, தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே குனிந்து நின்றபடி பேசினார்கள். பிறகு அவர் அழுதார். அம்மா அழவில்லை.

"அவங்க பேசினது எனக்குப் புரியல, மேடம். ஆனா அன்னிக்கு ஒரு தமிழ் வார்த்தை கத்துக்கிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அம்மா கடலைக் காட்டி அதைச் சொன்னாங்க. மகனும் கடலைக் காட்டி அதையே சொன்னார். பல தடவை. அதுக்கப்புறம் தமிழ் கெஸ்ட் யார் வந்தாலும் கடலைக் காட்டி நானும் அதைச் சொல்வேன். சில பேர் சிரிப்பாங்க. என் உச்சரிப்பு சரியில்லைன்னு நினைச்சேன்."

என்ன வார்த்தை என்று கேட்டேன்.

கடலைக் கையால் காட்டி, மிகக் கவனமாக, "ரகு" என்றார்.

சரோஜம்மா என்னிடம் மூத்த மகனின் பெயரைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அது கடலுக்கான வார்த்தை இல்லை, கடலில் போன அந்த மகனின் பெயர் என்று அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படியானால் இதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார்.

கடல் என்றேன். அவர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நாங்கள் எழுந்து காருக்கு நடந்தோம்.